கடைசிப் பள்ளிக்கூடத்தின் அறுபத்துமூன்று பிள்ளைகள்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று குடையாதீர்கள், மேட்டுச்சீமையைக் கனகவீரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையும் சும்மா பார்க்க மாட்டான், வரிசைப்படுத்தித்தான் பார்ப்பான். மீசைகளை வரிசைப்படுத்தி, முதல் மீசைக்குப் பொற்காப்பு போட்டான், கடைசி மீசையை மழித்துவிட்டான். கிணறுகளை வரிசைப்படுத்திய வருஷம் கடைசிக் கிணற்றை மண் போட்டு மூடினான். அந்தத் தெருப் பெண்கள் வேறு தெருவில் போய்த் தண்ணீர் சேந்தும்போதெல்லாம் அவனைத் திட்டினார்கள். அரண்மனை தூரம், கேட்கவில்லை.

அவைப் பண்டிதர் விருத்தகிரி ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார்: “மகாராஜா, நம் சீமையில் பத்துப் பள்ளிக்கூடம் இருக்கிறது. எது உசத்தி, எது மட்டம் என்று பார்க்க வேண்டாமா?”

“அடடா, எனக்குத் தோன்றவே இல்லையே!” என்று ராஜா துள்ளிக் குதித்தான்.

பண்டிதருக்குக் கல்வி மேல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடைப்பட்டி வாத்தியாரம்மா பவளாயியைச் சீமையே புகழ்ந்தது. பண்டிதருக்கு அது வயிற்றெரிச்சல். மாங்குளத்தில் பள்ளிக்கூடம் நடத்திய தில்லைவனம் அவருடைய மைத்துனர்.

பரீட்சை நாளில் பத்து ஊர்ப் பிள்ளைகளும் வண்டி கட்டி அரண்மனை முற்றத்துக்கு வந்தார்கள். வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். மாங்குளத்தில் பதினான்கே பிள்ளைகள். பதினான்கு பேரும் மழை கொட்டுவதுபோலக் கொட்டினார்கள், ஒரு பிழை இல்லை. ஓடைப்பட்டியில் அறுபத்துமூன்று பேர். பாதிப் பேர் திக்கினார்கள். ஒருவன் நடுவில் தும்மி, விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

“மாங்குளம் முதல், ஓடைப்பட்டி கடைசி!” என்றான் ராஜா. “நாளைக் காலையில் ஓடைப்பட்டிப் பள்ளிக்கூடத்தின் கூரை ஓடுகளைப் பிரித்து மாங்குளத்துக்கு ஏற்றுங்கள்.”

பவளாயி யோசித்தாள். அந்தக் கூரை போனால் பிள்ளைகள் அறுபத்துமூன்று பேரும் ஆடு மேய்க்கப் போக வேண்டியதுதான். வேறு எங்கேயும் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அது ஏன் என்று அவளுக்குத் தெரியும், ராஜாவுக்குத் தெரியாது. நேரே சொன்னால், தோற்றவள் புலம்புகிறாள் என்பார்கள். அவள் கைகூப்பினாள்.

“சரிங்க மகாராசா. ரொம்ப சந்தோசம்ங்க.”

“சந்தோஷமா?”

“ஆமாங்க. ஓடு போற இடத்துக்குப் பிள்ளைகளும் போகட்டுமுங்க. அறுபத்துமூணு பேரும் நாளையிலிருந்து மாங்குளத்துலயே படிக்கட்டும். உசத்தியான வாத்தியாருகிட்டப் படிச்சா அவங்களுக்குத்தானே நல்லது?”

“பேஷ்! அதுதான் நியாயம்,” என்றான் ராஜா.

தில்லைவனத்தின் முகம் வெளுத்தது. “மகாராஜா, இடம் போதாது.”

“அதற்குத்தானே ஓடு தருகிறேன்?”

“உட்காரப் பாய் கிடையாது.”

“அரண்மனைப் பாய் அறுபத்துமூன்று அனுப்புகிறேன்.”

“இத்தனை பேருக்குக் கத்தினால் என் தொண்டை என்னாவது?”

“தினம் ஒரு கிண்ணம் தேன் வரும். நக்கிக்கொண்டே கத்தும்.”

அதற்கு மேல் சாக்கு கிடைக்காமல் தில்லைவனம் வெடித்துவிட்டார். “இதுகளையா! அதோ அந்தச் சடையப்பன் இரண்டு வருஷம் என் உயிரை எடுத்தான். இரண்டாம் வாய்ப்பாடு தாண்டவில்லை! அந்த வஞ்சி வாயையே திறக்க மாட்டாள்! ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே தள்ளினேன், மறுபடியும் என் தலையிலா?”

பண்டிதர் மைத்துனரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிரயோசனமில்லை. 

ராஜா மெதுவாக எழுந்தான். “ஓடைப்பட்டிப் பிள்ளைகளே, மாங்குளத்தில் வேண்டாமென்று அனுப்பியவர்கள் மட்டும் கை தூக்குங்கள்.”

நாற்பத்தொரு கைகள் எழுந்தன.

“சடையப்பன் யார்? இங்கே வா. ஏழெட்டு எவ்வளவு?”

பையன் விரலை மடக்கினான், வானத்தைப் பார்த்தான், உதட்டைக் கடித்தான். “அம்பத்தாறுங்க.”

ராஜா பண்டிதரின் பக்கம் திரும்பினான். “சரியா?”

“சரிதான், மகாராஜா,” என்று முணுமுணுத்தார் பண்டிதர்.

“எனக்கே தெரியாதய்யா அது!” என்றான் ராஜா. சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. “இரண்டில் நின்றவனை ஏழுக்குக் கூட்டி வந்திருக்கிறாள் பவளாயி. தில்லைவனம், நீர் தடுமாறுகிறவர்களைத் துரத்திவிட்டு மிச்சத்தை எனக்குக் காட்டியிருக்கிறீர். நானும் அதை அளந்து பரிசு கொடுக்கப் பார்த்தேன். வாத்தியாரம்மா, உம்முடைய கூரையில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். இன்னொரு கட்டடமும் நானே கட்டித் தருகிறேன். பண்டிதரே, இவ்வளவு அக்கறை உள்ள நீர் நாளை முதல் ஓடைப்பட்டிக்குப் போய் வாத்தியாரம்மாவுக்குக் கீழே பாடம் சொல்லிக்கொடும். மைத்துனரையும் கூட்டிக்கொள்ளும். வஞ்சி தானாக வாயைத் திறந்து ஒரு வாய்ப்பாடு சொல்லும் வரை நீங்கள் இருவரும் அங்கிருந்து திரும்பக் கூடாது.”

பவளாயி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அதுவரை அசையாமல் நின்றவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். ராஜா சொன்னது சரியாகப் புரியாத பிள்ளைகள், அவள் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பள்ளிக்கூடத்த மூடிட்டாங்களா வாத்தியாரம்மா?”

“இல்ல கண்ணுகளா, மூடல. நாளைக்கும் உண்டு,” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அவர்கள் போட்ட கூச்சலில் வண்டி மாடுகள் மிரண்டன. சடையப்பன் மட்டும் யோசனையாக நின்றான்.

“அப்ப நாளைக்கு எட்டாம் வாய்ப்பாடுங்களா?”

“எட்டாம் வாய்ப்பாடுதான்.”

அவன் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டு, வண்டியில் ஏறி, எல்லாருக்கும் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தான்.