அக்கரைக் குரல்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜ்யம், இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம். இரண்டு ராஜாக்களும் முட்டிக்கொண்டபோதும் இந்தப் பக்கத்து நாணல்துறை தன் பாட்டுக்கு இருந்தது. கோட்டை கிடையாது, காவல் கிடையாது. எடுத்துக்கொண்டு போக நம்மிடம் என்ன இருக்கிறது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அக்கரையிலிருந்து யாராவது "ஓடமோய்" என்று கூப்பிட்டால், யார் என்று ஓடக்காரன் கேட்கக் கூடாது. "வந்தேன்" என்று பதில் குரல் கொடுத்துவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டும். எல்லை, சண்டை எதுவும் அதற்குக் குறுக்கே வராது. யாரென்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடக்காரன் சடையன் ஒரு விடியற்காலையில் அப்படித்தான் போனான். நாணலுக்குள்ளிருந்து சிப்பாய்கள் எழுந்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்து, நடை நடையாக அவனையே ஓட்டச் சொல்லி ஊருக்குள் வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வீடுகள் எரிந்தன. திரும்பும்போது நெல்லை ஏற்றினார்கள், பிள்ளைகளையும் ஏற்றினார்கள். சடையனின் மகள் நாச்சியும் அதில் ஒருத்தி. அவளை அக்கரை சேர்த்ததும் அவன் துடுப்புத்தான். ஒரு தகப்பனுக்கு இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ஊர் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கப்படிதானே போனான் என்றார்கள். அவன்தான் ஊருக்குள் இருக்க முடியாமல், ஆற்றோரம் இருந்த மெய்யம்மையின் மடத்துக்கு வந்து சீடனாகிவிட்டான். மெய்யம்மை அவனைவிட வயதில் இளையவள். அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை அம்மா என்பான்.

சண்டை ஓய்ந்து வருஷங்கள் ஆயின. சடையன் தண்ணீர் சுமந்தான், மடத்தைப் பெருக்கினான், தியானத்தில் உட்காரச் சொன்னால் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தான். ஓடத்தை மட்டும் விடவில்லை. பலகை காய்ந்து விரிந்துவிடக் கூடாதென்று தினமும் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவான். ஆனால் ஓட்டமாட்டான். அக்கரையில் யார் கூப்பிட்டாலும் காது கொடுத்துக் கேட்பான், அப்புறம் உட்கார்ந்துவிடுவான். கூப்பிட்டவர்கள் தொண்டை வற்றித் திரும்பிப் போவார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கரையில் குரல் கேட்டது. சடையன் எழுந்து நின்றான். கேட்டான். உட்கார்ந்தான்.

"ஏன் உக்காந்துட்டீங்க அண்ணே?" என்றாள் மெய்யம்மை.

"அது அவ குரல் இல்லம்மா."

"அவ கூப்பிட்டாத்தான் போவீங்களா?"

"மத்தவங்களுக்காகப் போய்த்தானே ஊரையே கொளுத்த விட்டேன். இனிமே அவ ஒருத்திக்குத்தான் இந்த ஓடம். ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. அவ வருவாளா?"

"அவ எப்படிக் கூப்பிடுவா? கூப்பிட்டுக் காட்டுங்க," என்றாள் மெய்யம்மை.

சடையன் கூச்சப்பட்டான். பிறகு வாயருகே கையைக் குவித்து, "அப்போவ்... சோறு ஆறுதுப்போவ்," என்று கூப்பிட்டான். நரைத்த தாடிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப அவளுக்கு என்ன வயசு?"

"முன்பல்லு விழுந்து முளைக்காத வயசு."

மெய்யம்மை துறைப் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க இடுப்புல பிள்ளையோட நிக்கிறாளே, அது யாரு?"

"கொல்லன் மக. நாச்சியும் அவளும் சேர்ந்துதான் விளையாடுவாளுக."

சொல்லிவிட்டு அவன் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். கனத்த, குடும்பக்காரியின் குரல். தினமும் கேட்கிற குரல்தான். அது எப்போது இப்படி மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இப்ப நாச்சி குரல் எனக்குத் தெரியாதும்மா," என்றான்.

அவன் ஓடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா பொம்பளைக் குரல்னு தெரியுமே. எந்தப் பொம்பளை கூப்பிட்டாலும் போறேன். அது போதாதா?"

பாவம், தன் விதியோடேயே பேரம் பேசிப் பார்த்தான். அதற்குள் அக்கரைக் குரல் மறுபடியும் வந்தது. கரகரத்த குரல், நடுவில் இருமல்.

"இது ஆம்பளை," என்றான் சடையன்.

"ஆமா."

"கையில கத்தி இருந்தா?"

"இருக்கலாம். இல்லைன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

"அப்புறம் எதுக்கும்மா நான் போகணும்?"

மெய்யம்மை அக்கரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அத்தனை தூரம் நடந்து வர்றவளுக்குக் கரையில நின்னு கூப்பிடத் தெம்பு இருக்குமா அண்ணே? பக்கத்துல நிக்கிற யாரோ ஒருத்தர்தான் அவளுக்காகக் கூப்பிடுவாங்க."