டீச்சரின் இன்னொரு பெயர்

வேதமாணிக்கம் ஐயா தொடங்கிய பள்ளிக்கூடத்தில் வேதமாணிக்கம் ஐயா கையை அசைக்கக் கூடாது. விழாவுக்கு அழைக்கப் போன மங்களேஸ்வரி டீச்சர் இதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்கும் அவளிடம் கைதான் இருந்தது.

ஐயாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மங்களேஸ்வரிக்கு ஆறு வயதுக் காய்ச்சலில் போனது. அவர் குரு, அவள் அவருடைய முதல் மாணவி. இருவரும் கையால்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சில் 'நீ' வேறு 'நீங்கள்' வேறு என்று கிடையாது. மரியாதை முகத்தில் இருக்கும். இங்கே எழுதும்போது அதை வாய்ப்பேச்சாக மாற்ற வேண்டியிருக்கிறது.

அவளைக் கண்டதும் ஐயா ஆள்காட்டி விரலால் தன் இடது புருவத்தைத் தொட்டார். அது அவள் பெயர்.

"வெள்ளி விழா ஐயா. உங்களுக்குப் பொன்னாடை போத்துறாங்க. மேடைக்கு வந்தா போதும்."

"வந்து?"

"கும்பிட்டுக்கிட்டு நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"முடியிறவரைக்கும். கையைப் பிரிக்க வேணாம்னு பள்ளிச் செயலாளர் சொன்னார்."

ஐயா சிரித்தார். கும்பிட்ட கை பேசாது என்று கண்டுபிடித்த செயலாளருக்கு அல்லவா பொன்னாடை போர்த்த வேண்டும்!

அந்தப் பள்ளிக்கூடம் பிறந்தது ஒரு தறிக்கொட்டகையில். அப்போது ஐயா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அச்சகத்துக்குப் பின்னால் விசைத்தறிகள் ஓடும். ஒட்டியிருந்த கொட்டகை காலியாகவே கிடந்தது. காது உள்ள யாரும் அங்கே அரை மணி நேரம் உட்கார மாட்டார்கள். "உனக்கென்னப்பா, எடுத்துக்கோ" என்று முதலாளி விட்டுக் கொடுத்தார். அவர் கேலியாகச் சொன்னது ஐயாவுக்குக் கேட்கவில்லை, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிள்ளை பிடிப்பதுதான் பெரும்பாடு. எந்த வீட்டுக்குப் போனாலும் "அப்படிப்பட்ட பிள்ளை எங்க வீட்ல இல்லை" என்பார்கள். ஐயா வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டுவார். பூ, காகம், குரங்கு என்று என்னென்னவோ செய்து காட்டுவார். கொஞ்ச நேரத்தில் இல்லாத பிள்ளை ஜன்னலில் வந்து நிற்கும்.

மங்களேஸ்வரியும் அப்படி ஒரு ஜன்னலில் வந்து நின்றவள்தான். காய்ச்சலுக்குப் பிறகு அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோளைப் பிடித்து இழுப்பார்கள், அவ்வளவுதான். ஐயா அவள் புருவத்துத் தழும்பைப் பார்த்து, அந்த இடத்தில் விரலை வைத்து, அதையே பெயராக்கினார். காது கேளாதவர்களிடையே அதுதான் வழக்கம். ஆளிடம் எது கண்ணில் படுகிறதோ அது கைப்பெயர் ஆகிவிடும். அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, கூட இருப்பவர்கள்தான் வைப்பார்கள். புதிதாகப் பெயர் கிடைத்த அன்று அவள் நாள் முழுவதும் புருவத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு பள்ளிக்கூடம் வளர்ந்தது. கட்டடம் வந்தது, நிர்வாகக் குழு வந்தது, நகரத்திலிருந்து ஒரு நிபுணரும் வந்தார். கை ஓய்ந்தால்தான் வாய் திறக்கும் என்றார் அவர். காது கேட்பவர்கள் எல்லோருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் வகுப்பில் தங்கள் உள்ளங்கைகளின் மேல் உட்கார வேண்டும் என்று சட்டம். பேச வராத மனிதர் பேச்சுப் பள்ளிக்கு எப்படித் தலைவராக இருக்க முடியும் என்று ஐயாவுக்கு டீ கொடுத்து, கூட நின்று படம் எடுத்து, அனுப்பிவைத்தார்கள்.

மங்களேஸ்வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆறு வயதுவரை பேசியவள் ஆயிற்றே, அவளுக்குக் கொஞ்சம் குரல் இருந்தது.

"இன்னொரு விஷயம் ஐயா" என்றாள் இப்போது. "விழாவில என்னைத் தலைமை ஆசிரியையா அறிவிக்கப் போறாங்க."

"அதுக்கு?"

"நீங்க சரின்னு சொன்னா அந்த நாற்காலியில உக்காருவேன். வேணாம்னா இப்பவே வேலையை விட்டுட்டு வந்துடுறேன்."

"உனக்கு என்ன தோணுது?"

"உங்களை அனுப்பினப்பவே நானும் வந்திருக்கணுமோன்னு இருக்கு. ஆனா நானும் வந்துட்டா பிள்ளைகளுக்கு யார் இருக்கா? உள்ளே நம்ம ஆள் ஒருத்தி வேணும்ல?"

"உள்ளே இருந்து என்ன செய்யிற?"

"பாத்துக்கிறேன்."

"கையைத் தூக்குற பிள்ளையை என்ன செய்யிற?"

 

"ஸ்கேலால விரல்ல ஒரு தட்டு. மெதுவாத்தான் ஐயா. நான் தட்டலேன்னா செயலாளர் தட்டுவார். அவர் கை பலமான கை."

"வலிக்குமா?"

"வலிக்காது."

"யார் சொன்னா?"

"நான்தானே தட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

ஐயா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "விழாவுக்கு வர்றேன். அங்க வந்து பதில் சொல்றேன்" என்றார்.

விழாவுக்கு நல்ல கூட்டம். பந்தல், வாழை மரம், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. காது கேளாத பிள்ளைகளின் விழாவுக்கு ஒலிபெருக்கியைத் தெருமுனைவரை கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் உள்ளங்கைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் நிகழ்ச்சியே மாரிக்கனிதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அவளை மேடை ஏற்றி மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவள் கழுத்து நரம்பு புடைக்க "வ-ண-க்-க-ம்" என்றாள். பந்தலே கைதட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வார்த்தைக்கு மங்களேஸ்வரி ஒரு வருஷம் பாடுபட்டிருந்தாள். மெழுகுவத்திச் சுடரை ஊதவைத்து, தன் தொண்டையில் பிள்ளையின் கையை வைத்து, பிள்ளையின் தொண்டையில் தன் கையை வைத்து, அழ அழப் பழக்கியது. வணக்கம் என்றால் என்ன என்று மட்டும் மாரிக்கனிக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கக் கை வேண்டும்.

அடுத்தது ஐயா. செயலாளர் பொன்னாடை போர்த்தினார். ஐயா கும்பிட்டார். செயலாளர் மைக்கில் அவருடைய தியாகத்தைப் பற்றி நிறையப் பேசினார். ஐயா கும்பிட்டபடியே நின்றார். பேச்சு முடிந்ததும் மாரிக்கனியின் கையில் ஒரு பூச்செண்டைக் கொடுத்து அவரிடம் அனுப்பினார்கள்.

ஐயா குனிந்து முழங்காலிட்டார். கும்பிட்ட கைகளைப் பிரித்தார்.

மேடைப் படியோரம் நின்றிருந்த மங்களேஸ்வரி செயலாளரைப் பார்த்தாள்.

"உன் பேர் என்ன?" என்று ஐயா கையால் பிள்ளையைக் கேட்டார்.

மாரிக்கனிக்கு முகம் வெளிறிப்போனது. பூச்செண்டைக் கீழே போட்டாள். பாய்ந்து அவருடைய இரண்டு கைகளையும் தன் சின்னக் கைகளால் பிடித்துக் கீழே அமுக்கினாள். பொன்னாடையை இழுத்து, அந்தக் கைகளை உள்ளே திணித்து மூடினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"என்ன பாசம் பாருங்கள்! தாத்தாவுக்குக் குளிருமாம்!" என்றார் செயலாளர் மைக்கில். கூட்டம் முன்னைவிடப் பலமாகத் தட்டியது.

மாரிக்கனி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். வயிற்றோரமாக, சின்னதாக, வலது கையின் விளிம்பால் இடது விரல் முட்டிகளில் இரண்டு முறை வெட்டினாள். பிறகு கண்ணால் மேடைப் படியைக் காட்டினாள்.

படியில் மங்களேஸ்வரியைத் தவிர யாரும் இல்லை.

அந்தச் சைகையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிள்ளைகள் கூடி நிற்கும்போது ஒருத்தி அப்படிச் செய்வாள், உடனே எல்லாரும் கையை இறக்கிக்கொள்வார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தாள். அவள் வரும்போதெல்லாம் அந்த விளையாட்டு ஏன் முடிந்துவிடுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். கையில் இருந்த மர ஸ்கேலைப் புடவை மடிப்புக்குள் மறைத்தாள்.

செயலாளர் அவளைப் பார்த்துக் கையைக் காட்டி அழைத்தார். தலைமை ஆசிரியை அறிவிப்பு. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். மேடையின் நடுவில் நாற்காலி இருந்தது.

அவள் ஐயாவைப் பார்த்தாள். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு விரல் அசைந்தால் போதும். ஐயாவின் கைகள் பிள்ளை வைத்த இடத்திலேயே பொன்னாடைக்குள் இருந்தன. அவர் எடுக்கவில்லை.

எல்லாரும் நிற்கிறார்களே என்று அவள் போய் உட்கார்ந்தாள்.

விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் வாசலுக்கு ஓடினாள். ஐயா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பொன்னாடையை இன்னும் போர்த்திக்கொண்டுதான் இருந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு அந்த வாசலில் முதல் முறையாகக் கையைத் தூக்கினாள்.

"பதில் சொல்றேன்னீங்களே ஐயா. சொல்லலையே."

ஐயா நிமிர்ந்தார். புருவத்தைத் தொட்டுக் கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள்.

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே அமுக்கினார். பொன்னாடையின் முனையை இழுத்து அவற்றை மூடினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

பிறகு தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, வயிற்றோரமாக, வலது கையின் விளிம்பால் இடது விரல் முட்டிகளில் இரண்டு முறை வெட்டினார். பிறகு கண்ணால் அவளையே காட்டினார்.

"இது பாத்துச்சுன்னா அடிக்கும்" என்றார்.