இரவல் வந்த இரண்டு பேர்

"அந்த முதல் ஆட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துடலாமா, மேடம்?"

கேட்டவர் தணிகாசலம். தேசிய மகளிர் ரக்பி அணி இதுவரை ஆடிய சர்வதேச ஆட்டங்களையெல்லாம் தொகுத்துத் தரும் வேலையைச் சங்கம் அவரிடம் கொடுத்திருந்தது. எழுதியதில் ஒரு பிழை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார் பயிற்சியாளர் ஜெசிந்தா. தணிகாசலத்தைவிட இருபது வயது இளையவர். அந்த முதல் ஆட்டத்தில் ஆடியவர்.

"ஏன் எடுக்கணும்?"

தோற்றதற்காக இல்லை என்றார் தணிகாசலம். ஒரு தீவு நாட்டில் போய் எண்பத்துநான்குக்குப் பூஜ்யம் என்று தோற்ற ஆட்டம் அது. அதற்கடுத்த பதினொன்றும் தோல்விதான். எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.

சிக்கல் வேறு. பதினைந்து பேர் இறங்க வேண்டிய ஆட்டம். காய்ச்சலும் காயமும் போக நம் பக்கம் தேறியவர்கள் பதின்மூன்று பேர். எதிரணியே தன் ஆட்டக்காரிகள் இரண்டு பேரை இரவல் கொடுத்து ஆட்டத்தை நடத்தியிருக்கிறது.

"அந்த ரெண்டு பேரையும் எந்த நாட்டுப் பேருக்குக் கீழே எழுதறது?"

ஜெசிந்தா அடுத்த பந்தை எடுத்தார்.

ஆட்டத்தை நீக்கிவிட்டால் பட்டியல் சுத்தமாகிவிடும். ஆனால் அந்தப் பதின்மூன்று பேரில் நான்கு பேர் பிறகு ஆடவே இல்லை. அவர்கள் நாட்டுக்காக ஆடினார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. ஒரு வாரமாக இதுதான் தணிகாசலத்தை அரித்துக்கொண்டிருந்தது.

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஜெசிந்தா கைபேசியில் ஒரு எண்ணைத் தேடி, அழைத்து, அவரிடம் நீட்டினார்.

"லெய்லானி. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி."

"நான் என்ன கேக்கணும்?"

"அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க."

தெரிந்த ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.  மறுமுனையில் சிரிப்பு.

அவள் மழையைப் பற்றிச் சொன்னாள். கால் வழுக்கிய புல்லைப் பற்றிச் சொன்னாள். தன் சொந்த நாட்டு கேப்டன் பந்தோடு ஓடிவந்ததையும், எல்லைக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் தான் அவளை இடுப்போடு கட்டிச் சாய்த்ததையும் சொன்னாள். அந்த கேப்டன் ஒரு மாதம் தன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

எண்பத்துநான்கு புள்ளி எடுத்து ஜெயித்தது அவளுடைய நாடு. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாதது தணிகாசலத்துக்கு விசித்திரமாக இருந்தது.

"ஆட்டம் முடிஞ்சதும் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"அழுதுட்டேன்," என்றாள் அவள். "தோத்துட்டோம் இல்லையா?"