பொய்ப்புகை நாட்டுப் பூவாத்தா

மலைக்குத் தலைமுடி இருந்த காலத்துல, உங்களுக்கும் எனக்கும் முந்தி, நமக்கு முந்தினவங்களுக்கும் முந்தி, மஞ்சுமலை நாடுன்னு ஒரு நாடு இருந்துச்சு. உட்கார்ந்து கேளுங்க. நீங்க நின்னா எனக்குக் கால் வலிக்கும். இது களைச்சுப்போன சனங்களோட கதை, சொல்ல ஆரம்பிச்சாலே எனக்கு உடம்பு அசந்து வரும்.

அந்த நாட்டுல ஒரு பழக்கம். பொழுது விடிஞ்சா ஒவ்வொரு கூரையிலயும் புகை தெரியணும். பொண்ணு கேட்டு வர்றவங்க, பொண்ணு முகத்தைப் பாக்கறதுக்கு முந்தி கூரையைத்தான் பாப்பாங்க. தடியாப் புகை வந்தா நல்ல சம்பந்தம். புகையே வரலையா, "அந்த வீட்டு அடுப்புல பூனை தூங்குது"ன்னு ஊரே பேசும், மானம் கப்பலேறிடும். இன்னொரு பழக்கமும் உண்டு. எதிர்ல யாரைப் பாத்தாலும் "சாப்பிட்டாச்சா?"ன்னு கேப்பாங்க. கேட்டா "ஆச்சு"ன்னுதான் சொல்லணும். வயிறு முதுகோட ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சுதான். சிரிக்காதீங்க, நீங்க மட்டும் வேற என்னத்தைச் சொல்றீங்களாம்.

அப்படி இருக்கையில காலம் கெட்டுப்போச்சு. மழை ஏமாத்துச்சு, அடுத்த வருசமும் ஏமாத்துச்சு. மலைத்தேனும் மிளகும் வாங்க வர்ற வெளிநாட்டு வியாபாரிங்க, அவங்க ஊர்லயும் காசு இல்லைன்னு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல பொங்க அரிசி இல்ல. ஆனா கூரையில புகை தெரியணுமே? அதனால என்ன செஞ்சாங்க தெரியுமா, வெறும் பானையில தண்ணியை ஊத்தி, அதுக்கடியில கட்டுக் கட்டா விறகை வச்சு எரிச்சாங்க. விறகு தீர்ந்ததும் ஏணியை எரிச்சாங்க. ஏணி தீர்ந்ததும் கட்டிலை எரிச்சாங்க. கட்டிலும் தீர்ந்ததும் ஏர்க்கலப்பையைத் தூக்கி அடுப்புல வச்ச புண்ணியவானுங்களும் உண்டு.

அந்த நேரம் பாத்துத்தான் புகைமூக்கன் வந்து சேந்தான். அவன் ஒரு மந்திரவாதி. சோறு திங்க மாட்டான், தண்ணி குடிக்க மாட்டான், புகையைக் குடிச்சே உயிர் வாழறவன். ஒரு வண்டி நிறைய மண் அடுப்பு கொண்டுவந்தான், வீட்டுக்கு ஒண்ணுன்னு சும்மாவே குடுத்தான். எல்லா அடுப்பையும் தன் உள்ளங்கையில இருந்த ஒரே கங்குல பத்தவச்சான். இந்த அடுப்புக்கு நீங்க விறகு வைக்க வேண்டாம், அதுவே தேடிக்கும், நாள் பூரா புகை வந்துக்கிட்டே இருக்கும்னு சொன்னான். சனங்க அவன் கால்ல விழாத குறைதான். ராசாவுக்கும் சேதி போய், அரண்மனைக்கு ஏழு பெரிய அடுப்பு வாங்கி வச்சாரு. சும்மா வர்றதை யாரு வேண்டாங்கறா?

அடுப்பு சொன்னபடியே தேடிக்கிச்சு. முதல்ல மலையில காஞ்சு விழுந்த மரம் காணாமப் போச்சு. அப்புறம் நின்ன மரம் காணாமப் போச்சு. கடைசியில வேரும் காணாமப் போயி, மலை மொட்டைத் தலையா நின்னுச்சு, மலை ஊத்தும் வத்திப்போச்சு. அப்பவும் அடுப்புக்குள்ள நெருப்பு முணங்கிக்கிட்டே இருந்துச்சு.

"பத்தல, பத்தல, இன்னும் பத்தல."

மலையில ஒண்ணும் மிச்சமில்லைன்னு தெரிஞ்சதும் அது மனுசங்க பக்கம் திரும்புச்சு. அவங்க உடம்புல இருந்த தெம்பை உருவி உருவி எரிக்க ஆரம்பிச்சுது. நாட்டுக்கே அசதி பிடிச்சுது. குடத்தைத் தூக்கினவ மூணு தடவை இறக்கி வச்சுத்தான் வீடு சேருவா. பிள்ளைங்க விளையாடப் போயி, விளையாடாமலே திரும்பி வரும். சண்டை போடக்கூட ஆளுக்குத் தெம்பு இல்ல, அந்த ஊர்ல அது எவ்வளவு பெரிய விசயம்னு உங்களுக்குத் தெரியாது.

தூரத்துக் கிணத்துல இருந்து அந்த ஊருக்குத் தண்ணி சுமந்து ஊத்தறவ பூவாத்தா. அவ புருசன் மாரப்பன், விறகுவெட்டி. வருசக்கணக்கா மரத்துப் பிசின் ஊறின உடம்பு அவனுக்கு. நெருப்புக்கு மூக்கு இல்லையா? இதுவும் விறகுதான்னு அது அவனை மோந்து கண்டுபிடிச்சிருச்சு. ஒருநாள் காலையில அவன் எந்திரிக்கப் பாத்தான், முடியல. பாதம் ரெண்டும் கரியாகிக் கிடந்துச்சு. தொட்டா கை கறுத்துச்சு. பூவாத்தா அழல, அழுறதுக்கும் தெம்பு வேணுமே. அடுப்புல ஒரு குடம் தண்ணியை ஊத்தினா. நெருப்பு அதைக் குடிச்சிட்டு ஏப்பம் விட்டுச்சு. மண்ணை அள்ளிப் போட்டா. அதையும் மென்னு துப்பிட்டு, "பத்தல, பத்தல, இன்னும் பத்தல"ன்னுச்சு.

அப்போ வாசல்ல கொல்லர் போனாரு. பழக்கத்துல சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு. பூவாத்தாவும் பழக்கத்துல ஆச்சுன்னா. சொன்ன உடனே நெருப்பு குப்புனு கூரை வரைக்கும் எழும்புச்சு. மாரப்பனுக்குக் கரி கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு ஏறிச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கோயில் பூசாரி போனாரு. அவரும் கேட்டாரு, இவளும் ஆச்சுன்னா. மறுபடி நெருப்பு குப்புனு எழும்புச்சு. கரி முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறிச்சு. அப்பகூட பூவாத்தாவுக்குச் சங்கதி புரியல. பசியில தலை சுத்தறவளுக்கு என்ன புரியும்?

மூணாவதா வந்தது பக்கத்து வீட்டு நாச்சாயி. வண்டிமாடு வச்சிருக்கற வீடு, ஊர்லயே தடியான புகை அந்தக் கூரையிலதான். வாசல்ல நின்னு, "சாப்பிட்டாச்சா பூவாத்தா?"ன்னு கேட்டா.

பூவாத்தா வாயைத் திறந்தா. ஆச்சுங்கற பொய்யைத் தூக்கி நாக்கு மேல வைக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்ல. பொய் சொல்லவும் பலம் வேணும், அதை யாரும் நினைச்சுப் பாக்கறதில்ல.

"இல்லக்கா. நேத்தும் இல்ல. முந்தாநாளும் இல்ல. இந்தப் புகை வெறும் புகை."

பொசுக்குனு ஒரு சத்தம். நெருப்பு சுருங்கி ஒரு விரல் உசரத்துல நின்னுச்சு. கட்டாந்தரையில படுத்திருந்த மாரப்பன், வலி கொஞ்சம் நின்ன மாதிரி இருக்குன்னு மெல்லச் சொன்னான். பூவாத்தா அடுப்பைப் பாத்தா, புருசனைப் பாத்தா, நாச்சாயியைப் பாத்தா. அப்பத்தான் அவளுக்குச் சங்கதி விளங்குச்சு. நாம சொல்ற பொய்யிலதான் இது எழும்புது, நிசத்தைச் சொன்னா அடங்குது.

இதைக் கேட்டு நாச்சாயி திட்டுவாளோ, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாளோன்னு பூவாத்தா பயந்தா. ஆனா அவ நிலைப்படியில சரிஞ்சு உக்காந்து, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. தன் வீட்டுப் பானையிலயும் வெறும் தண்ணிதான் கொதிக்குது, பிள்ளைங்களுக்குச் சத்தம் கேக்கட்டும்னு கூழாங்கல்லைப் போட்டு வச்சிருக்கேன்னா. அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ கூரையிலயும் புகை நின்னுபோச்சு.

அப்புறம் நடந்ததைக் கேளுங்க. நாச்சாயிகிட்ட ஒரு பிடி வரகு இருந்துச்சு. ஒரு பிடியை வச்சு என்ன பொங்கறதுன்னு அதைப் பொத்தி வச்சிருந்தா. பூவாத்தா வீட்டுக் கொல்லையில முருங்கைக்கீரை இருந்துச்சு. எண்ணெய் ஆட்டறவர் வீட்டுல உப்பு இருந்துச்சு. தெரு நடுவுல பழைய மூணு கல்லைக் கூட்டினாங்க. வரகை முன்னாடியே ஊறப்போட்டாங்க, பானைக்கு மூடி போட்டாங்க, காத்து அடிக்கற பக்கம் ஒரு முறத்தை நிறுத்தி வச்சாங்க. மூணு வீட்டுல மூணு கட்டு விறகு எரியற இடத்துல, வேலியில உதிர்ந்து கிடந்த ஒரு கைப்பிடிச் சுள்ளிதான் செலவாச்சு. கூழு இறக்கின சூட்டுலயே பிள்ளைங்களுக்கு வெந்நீர் காஞ்சுது. மிஞ்சின கங்கைச் சாம்பல்ல புதைச்சு வச்சு, அடுத்த வேளைக்கு எடுத்துக்கிட்டாங்க.

விசயம் தெருத் தெருவாப் பரவுச்சு. யாரும் தண்டோரா போடல. ஒருத்தி இன்னொருத்திகிட்ட இல்லைன்னு சொல்லுவா, அவ்வளவுதான், ரெண்டு கூரையில புகை நிக்கும். தெருவுக்கு ஒரு அடுப்பு ஆச்சு. சுள்ளி பொறுக்கற நேரம் மிச்சமாச்சு, அந்த நேரத்துல சிலபேரு கிழங்கு தோண்டினாங்க, சிலபேரு சும்மா படுத்துக் கிடந்தாங்க. படுத்துக் கிடந்தவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா மாரப்பன் எந்திரிக்கல. கரி இடுப்புலயே நின்னுச்சு, கீழ இறங்கல. சில நாள் ஒரு விரக்கடை மேலயே ஏறிச்சு. பூவாத்தா தன் வீட்டு அடுப்புகிட்ட குனிஞ்சு, ஏன் இன்னும் விட மாட்டேங்கறேன்னு கேட்டா. ஒரே ஒரு பொறியா மினுங்கிக்கிட்டிருந்த நெருப்பு பதில் சொல்லுச்சு.

"வீடு வீடா எரிஞ்சாலும் நான் ஒரே நெருப்பு. அரண்மனையில எரியற வரைக்கும் உன் புருசன் எனக்கு விறகுதான்."

அரண்மனையில ஏழு அடுப்பும் ஓய்வில்லாம எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. தன் தெம்பு போயிடக் கூடாதுன்னு ராசா அதுக்கு வெளிநாட்டு விறகை வாங்கிப் போட்டாரு. வாங்கறதுக்கு விதைநெல்லை வித்தாரு, உழவுமாட்டை வித்தாரு. அதுக்கும் அது "பத்தல, பத்தல, இன்னும் பத்தல"ன்னுதான் சொல்லுச்சு. ராசா பேரு கொற்றவேலரு. கெட்டவரு இல்ல, பாவம், பந்தாவுல மாட்டிக்கிட்டவரு.

இதுக்குள்ள புகைமூக்கன் மெலிஞ்சு நூலாயிட்டான். ஊர்ப்புகை நின்னுபோச்சுல்ல, குடிக்க ஒண்ணுமில்ல. ராசாகிட்ட ஓடி, தண்ணி சுமக்கறவ ஒருத்தி நாட்டு மானத்தை வாங்கிட்டா, புகையில்லாத கூரையைப் பாத்தா எதிரி படை எடுத்து வந்துருவான்னு போட்டுக் குடுத்தான். ராசா பூவாத்தாவைக் கூட்டிவரச் சொன்னாரு. நாச்சாயி மாரப்பன் பக்கத்துல உக்காந்துக்கிட்டா. பூவாத்தா வழியெல்லாம் உக்காந்து உக்காந்து எந்திரிச்சுப் போய்ச் சேந்தா.

சபை நிறைய ஆளுங்க. எல்லார் மூஞ்சியிலயும் மஞ்சளும் குங்குமமும் பளபளக்குது, கீழ கன்னம் ஒட்டிக் கிடக்குது. ராசா அவளைக் கோவமா விசாரிச்சாரு. புகை இல்லாத நாட்டை யாரு மதிப்பான், எந்த வியாபாரி வருவான், எந்த ராசா பொண்ணு குடுப்பான்னு அடுக்கினாரு. பூவாத்தாவுக்கு நியாயம் பேசத் தெரியல. அவ ராசாவோட கையைப் பாத்தா. சிம்மாசனத்துக் கைப்பிடியை அவரு பிடிச்சிருந்த பிடியில, விட்டா விழுந்துருவாருன்னு தெரிஞ்சுது. அவளுக்குப் பயம் போயி இரக்கம் வந்துருச்சு.

"சாமி, சாப்பிட்டாச்சா?"

ராசாவை யாரும் அப்படிக் கேட்டதில்ல. புகைமூக்கன் நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கிட்டான். ராசா ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், ஏழு அடுப்பும் சீறிக் கிளம்பும், மாரப்பன் தலையோட கரியாகிடுவான். பூவாத்தாவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் கேட்டா. கேக்காம விட்டாலும் அவன் விரக்கடை விரக்கடையாப் போயிக்கிட்டுத்தான் இருந்தான்.

ராசா "ஆ..."ன்னு ஆரம்பிச்சாரு. சமையல்கட்டுல நெருப்பு உறுமற சத்தம் சபை வரைக்கும் கேட்டுச்சு. ராசா நிறுத்தினாரு. அவளையே பாத்தாரு. கிரீடத்தைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, சின்னக் குரல்ல சொன்னாரு.

"இல்ல தாயி. ரொம்ப நாளாச்சு."

பொசுக், பொசுக், பொசுக்குனு ஏழு அடுப்பும் அவிஞ்சுது. புகைமூக்கன் ஏதோ மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான், ஒரு பிடி சாம்பலாகிக் கீழ உதிர்ந்தான். கூட்டிப் பெருக்கி எருக்குழியில போட்டாங்க.

ராசா அன்னைக்கே மிச்ச மாட்டையும் விதைநெல்லையும் விக்கறதை நிறுத்தினாரு. விறகு வண்டியைத் திருப்பி அனுப்பினாரு. பூவாத்தாவுக்கு என்ன வேணும்னு கேட்டாரு. மலைமேல யாரும் கோடாலி வைக்கக் கூடாது, துளிர்க்கறதை மாடு கடிக்க விடக்கூடாதுன்னு கேட்டா. உனக்குன்னு என்ன வேணும்னாரு. தூங்கணும்னா.

வியாபாரிங்க உடனே வந்துரல. காலம் ரொம்ப நாள் கெட்டுத்தான் கிடந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா தெருவுக்கு ஒரு அடுப்புல நாடு தாக்குப் பிடிச்சுது. மழை வந்தப்போ உழ மாடு இருந்துச்சு, விதைக்க நெல்லு இருந்துச்சு, மண்ணுக்குள்ள தப்பிக் கிடந்த விதையெல்லாம் மலையில முளைச்சுது. பின்னாடி ஊத்தும் கசிஞ்சுது, தேனடையும் கட்டுச்சு. வியாபாரிங்க திரும்பி வந்து பாத்தா, பக்கத்து நாடெல்லாம் காலியாக் கிடக்க, இங்க மட்டும் சனங்க இருந்தாங்க.

அதெல்லாம் பின்னாடி. அன்னைக்கு நடந்ததைச் சொல்லிடறேன். பூவாத்தா வீடு திரும்பினப்போ, மாரப்பன் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான், சொந்தக் கால்ல. அவனைத் தொட்டுப் பாத்தா, கையில கறுப்பு ஒட்டல. அங்கேயே சுருண்டு படுத்துட்டா. ஒரு பொழுது தூங்கினா, மறுபொழுதும் தூங்கினா. தெருவே சத்தம் போடாம நடந்துச்சு. மாரப்பன் தலைமாட்டை விட்டு நகரல.

கண்ணைத் திறந்ததும் அவ சொன்னது ஒரே வார்த்தை. அந்த நாட்டுல அதுவரைக்கும் பிள்ளைங்கதான் அழுது சொல்லியிருக்கும், பெரியவங்க யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல.

"பசிக்குது."

தெருவுல அத்தனை கதவும் திறந்துச்சு.