"அருமை" என்று சொன்னவன்

கொள்ளிடக் கரையில் இருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை எழுதினாலும், நாலு பேர் முன்னால் படிப்பதற்கு முன்பு உடன் பயில்பவர் ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும்.

அங்கே பயின்ற செங்கோடனின் தங்கை அங்கம்மாள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அவளுடைய முதல் திதி அன்று வீட்டில் படிப்பதற்காக அவளைப் பற்றி எழுதினான். எழுதியதை உடன் பயிலும் பூங்குன்றனிடம் கொடுத்தான். கொடுக்கும்போதே அழுதான்.

பூங்குன்றன் முழுவதும் படித்தான். "அருமை" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

திதி முடிந்து செங்கோடன் திரும்பி வந்தபோது ஆசான் சிவக்கொழுந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். செங்கோடன் அவரை வணங்கவில்லை. நேரே போய்த் தாள்களைப் பூங்குன்றன் மேல் வீசினான்.

"படி. இதில் எது அருமை என்று காட்டு."

பூங்குன்றன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார் ஆசான்.

"சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், ஐயா. எழுந்து நின்று படித்தேன். அம்மா கண்கொட்டாமல் கேட்டாள். முடிந்ததும், 'நல்லா எழுதியிருக்கேப்பா. இது யாரைப் பத்தி?' என்றாள்."

ஆசான் ஏட்டை மூடி வைத்தார்.

"கிண்டல் இல்லை, ஐயா. அங்கம்மாளைத்தான் சொல்கிறேன் என்று உண்மையாகவே அம்மாவுக்குத் தெரியவில்லை." பூங்குன்றன் பக்கம் திரும்பினான். "இதில் அவள் இல்லை என்பது உனக்குத் தெரிந்ததா இல்லையா?"

"தெரிந்தது."

"தெரிந்துமா என்னை அனுப்பினாய்?"

செங்கோடன் அவன் மேல்துண்டைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேர் எழுந்து ஓடிவந்தார்கள். ஆசான் அவர்களை உட்காரச் சொன்னார்.

"நீ அழுதுகொண்டிருந்தாய்," என்றான் பூங்குன்றன். "அழுகிறவனிடம் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

"தாள்களை எடு," என்றார் ஆசான். அவர் குரலிலும் சூடு இருந்தது. "நல்லது கெட்டது என்று எதுவும் சொல்லாதே. படிக்கும்போது உனக்கு எந்த இடத்தில் என்ன தோன்றியதோ, அதை மட்டும் சொல்."

பூங்குன்றன் தாள்களைப் பொறுக்கி அடுக்கினான்.

"முதல் பக்கத்தில் குலவிளக்கு என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் பொறுமையில் பூமாதேவி. யார் வீட்டுப் பெண்ணுக்கும் இது பொருந்தும். அங்கெல்லாம் எனக்கு யாருமே கண்ணில் தெரியவில்லை."

செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"மேலே சொல்," என்றார் ஆசான்.

"கோபம் வந்தால் கிணற்றடிக்குப் போய் வாளியைத் திட்டுவாள் என்று ஒரு வரி. அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறந்துபோனவளைப் பற்றிப் படித்துவிட்டுச் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவளை நான் பார்த்தது அந்த ஒரு வரியில்தான்."

"அந்த வரியை வீட்டில் நான் படிக்கவே இல்லை," என்றான் செங்கோடன். "மரியாதையாக இருக்காது என்று தாண்டிவிட்டேன்."

அவன் குரல் உயர்ந்தது.

"நீ சிரித்தது தெரிந்திருந்தால் அதைத்தானே முதலில் படித்திருப்பேன். வாளியை என்னவெல்லாம் சொல்லித் திட்டுவாள் என்று எழுதியிருப்பேன். அம்மா கேட்டிருப்பாள். உன் ஒரு வார்த்தையை நம்பி, யாரோ ஒருத்தியைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்."

பூங்குன்றனுக்கும் கோபம் வந்துவிட்டது.

"எல்லாவற்றையும் என் தலையில் போடாதே. அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் நீ என்னை அடித்திருப்பாய்."

"அடித்திருப்பேன்."

"கேட்டீர்களா, ஐயா? பிறகு நான் எப்படிச் சொல்வது?"

"அடித்திருப்பான்," என்றார் ஆசான். "அப்புறம் உட்கார்ந்து திருத்தியிருப்பான்."