ஐந்து துண்டு வால்வு

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல் அத்தனையும் கொட்டட்டும். இருக்கிற மூன்றும்தான்.

வெள்ளக்குட்டையில் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிறவர் பிச்சாண்டி. அவர் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம் வைத்திருந்தார். சம்பந்தி கறாரான ஆள். பந்தியில் தண்ணீர் குறைந்தால் மாப்பிள்ளையோடு வந்த வேனிலேயே திரும்பிவிடுவேன் என்றிருந்தார்.

அந்த வாரம் பார்த்து மேலிடத்து உத்தரவு வந்தது. இனி தண்ணீர் அதிகாரத்தை ஊராரே தெருவுக்குத் தெரு சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமாம்.

பங்கிடுவதற்கு முதலில் அதிகாரத்தைத் தேடவேண்டியிருந்தது. தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தவர், பாசிதான் இருக்கிறது என்றார். ஊராட்சித் தலைவி முத்தழகம்மாள் வெகுநேரம் யோசித்தார்.

“வால்வுச் சக்கரம் யார் கையில இருக்கோ, அவருக்குத்தானே எல்லாரும் வணக்கம் வைக்கிறோம்? அப்ப அதிகாரம் அதுலதான் இருக்கு.”

சபை மலைத்துப்போயிற்று. சக்கரத்தைக் கழற்றிப் பூசணிக்காய் மாதிரி ஐந்து கீற்றாக அறுத்து, தெருவுக்கு ஒருவரிடம் கொடுத்தார்கள். கீழத்தெருக் கீற்று சிறியது என்று சண்டை வர, மற்ற நான்கையும் அரத்தால் ராவிச் சரிபண்ணினார்கள்.

கல்யாணத்தன்று காலையில் அண்டா காலி. பிச்சாண்டி தன் தெருவுக்கு வந்த கீற்றை வைத்துத் திருகினார். வால்வு அசையவில்லை.

“உங்ககிட்ட அஞ்சுல ஒரு பங்குதானே இருக்கு மாமா,” என்றான் மேலத்தெருச் சடையன். “அஞ்சுல ஒரு பங்குதான் தண்ணி வரும்.”

“ஒரு சொட்டுகூட வரலையே மாப்ளே.”

“சொட்டுல அஞ்சுல ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியுமா?”

தூரத்தில் வேன் ஹாரன் கேட்டது. பிச்சாண்டி மற்ற நான்கு தெருக்காரர்களையும் கெஞ்சிக் கூட்டிவந்தார். வால்வுக் கம்பியைச் சுற்றி ஐந்து கீற்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கும்மியடிக்கிற மாதிரி ஐவரும் சுற்றினார்கள். குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. சம்பந்தி இரண்டு சொம்பு குடித்துவிட்டு, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்றார்.

பிச்சாண்டி கிளம்பப் பார்த்தார்.

“கையை எடுத்தா தண்ணி நின்னுடும் மாமா,” என்றான் சடையன்.

நியாயமாகத்தான் பட்டது. கல்யாணமே வால்வுக் குழிக்கு வந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியைச் சுற்றுவதற்குப் பதிலாக ஐவரையும் சுற்றிவந்தார்கள். பந்தியில் அந்த ஐவருக்கும் ஊட்டித்தான் விட்டார்கள்.

செண்பகத்தின் பிள்ளைக்குப் பேர் வைத்ததும் அதே குழியோரத்தில்தான். ஐவரும் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இப்போது ஊரில் ஆறாவது தெரு வந்துவிட்டது. பிடிக்க ஆள் தேடுகிறார்களாம். அதனால் இதைச் சொன்னது யாரென்று மட்டும் எவரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.