பதினோரு விநாடி

பெரம்பூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். அதன் குரு பெனிட்டாவுக்கு வயது முப்பத்தைந்து. சீடன் குணாளனுக்கு நாற்பத்தெட்டு. ராக் குழு ஒன்றில் பாட்டும் கிதாரும் அவன்தான். ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள அவளிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அவன் அவளை வாத்தியாரே என்பான். அவள் அவனை அண்ணா என்பாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்துவிட்டான். மற்றது வாசலில் கிடந்தது.

"வாத்தியாரே, ஒரு கேள்வி. நான் பாடினதையெல்லாம் விட்டுட்டு, பாடாததைப் போய் ஏன் பாராட்டுறாங்க?"

"கோயம்புத்தூர்க் கச்சேரியிலயும் நடந்துச்சா?"

"நடந்துச்சாவா!"

விஷயம் இதுதான். நான்கு வருடத்துக்கு முன் அவன் குழு 'லாரித் தண்ணி' என்று ஓர் ஆல்பம் போட்டது. ஒன்பது பாட்டு. இதே கூடத்தில், இருபத்தாறு நாளில், பெனிட்டா பதிவு செய்தாள். ஐந்தாம் பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. ரெக்கார்டர் யு.பி.எஸ்.ஸில் இருந்ததால் ஓடிக்கொண்டே இருந்தது. மைக்குகள் எல்லாம் வந்து சேரும் மிக்சர் மட்டும் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் பிடிக்கப் பதினோரு விநாடி ஆயிற்று. குழு பாட்டை நிறுத்தவில்லை. ஆகவே ஆல்பத்தைக் கேட்பவர்களுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு குணாளன், டிரம்ஸ்காரன், பேஸ் கிதார்காரன் மூன்று பேரும் தாளம் பிசகாமல் ஒன்றாக வந்து விழுகிறார்கள்.

பாட்டின் உயிரான வரியைக் குணாளன் அந்தப் பதினோரு விநாடியில்தான் பாடியிருந்தான். ஏழே சொல். எழுதப் பதினான்கு மாதம் பிடித்தது. மறுபடி பதிவதற்குள் டிரம்ஸ்காரனுக்குத் துபாயில் வேலை கிடைத்துவிட்டது. அப்படியே வெளியிட்டார்கள். நாடெங்கும் பேர் வந்தது.

"பெங்களூர்ப் பத்திரிகைக்காரன் மூணு பக்கம் எழுதினான். மூணும் அந்த மௌனத்தைப் பத்தி. பரிசு கொடுத்த நடுவருங்க அஞ்சு பேர், அஞ்சு பேரும் மௌனத்தைத்தான் சொன்னாங்க. ஒரு பொண்ணு அதை வெச்சு ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப் போகுதாம். 'சார், அந்த மௌனம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?'ன்னு என்கிட்டயே வந்து கேக்குது. டிரான்ஸ்பார்மரைப் போய்க் கேளும்மான்னேன். அதையும் எழுதிக்கிச்சு."

"கோயம்புத்தூர்ல என்ன ஆச்சு?"

"அந்த இடம் வந்துச்சு. தொள்ளாயிரம் பேரும் கையைத் தூக்கி விரலை மடக்கி எண்ணுறாங்க. பத்து விரல் முடிஞ்சா, பதினொண்ணுக்கு மூக்கைத் தொடுறாங்க. இன்னைக்காவது அந்த வரியைப் பாடிடலாம்னு வாயைத் திறந்தேன். 'ஷ்ஷ்!' தொள்ளாயிரம் பேரும். முன்வரிசையில ஒரு பொண்ணு சொல்லுது, 'அங்கிள், ப்ளீஸ், இங்க பாடக் கூடாது.' என் பாட்டு, வாத்தியாரே! நானே எழுதின பாட்டு!"

பெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சிரி. நல்லா சிரி."

"சிரிக்கலண்ணா. மூக்கு எதுக்குன்னு யோசிக்கிறேன்."

"அந்த ஆல்பத்தை இப்ப இசைத்தட்டா வெட்டப் போறாங்க. திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பாட்டெல்லாம் அவங்க கைக்குப் போயாகணும். அதுக்குள்ள அந்த வரியை நான் உள்ள வெச்சாகணும். டிரம்ஸ் வேணாம், பேஸ் வேணாம், வரி மட்டும் போதும். இப்ப விட்டா அது என்னோடயே போயிடும்."

"சரி. அன்னைக்கு மிக்சர் ஏன் நின்னுச்சு?"

குணாளன் மேலே ஓடும் விசிறியைப் பார்த்தான்.

"யு.பி.எஸ்.ல ரெண்டே பிளக் பாயிண்ட்தான். ஒண்ணு ரெக்கார்டருக்கு."

"இன்னொண்ணு?"

"மிக்சருக்கு."

"அதைப் பிடுங்கினது யாரு?"

"என் கிதார் ஆம்ப் உறுமுச்சு, வாத்தியாரே! யு.பி.எஸ்.ல போட்டா உறுமல. கரண்ட் போகும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"கேட்டேன், அவ்வளவுதான். போய்ப் பாடுங்க."

பாடினான். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, போட்டுக் கேட்டான். முதல் தடவை தொண்டை கட்டியிருந்தது. மூன்றாவதில் அழுகை கூடிப்போயிற்று. ஏழாவது, நகைக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது, பள்ளிக்கூடப் பிரார்த்தனை. பெனிட்டா ஒவ்வொன்றையும் பதிந்தாள், நம்பர் போட்டாள். மதியம் ஒரு மணிக்குள் பதினெட்டு ஆகியிருந்தது.

"அன்னைக்கு வந்த மாதிரி வரல," என்றான்.

"அன்னைக்கு எப்படி வந்துச்சு?"

"அது... அது வேற."

"இன்னொண்ணு பாடுங்க."

பத்தொன்பதாவது முறை பாடிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. கண் கலங்கியிருந்தது.

"போட்டுக் காட்டாதே! வேணவே வேணாம். இதுதான். அன்னைக்குப் பாடினது அப்படியே இதுதான், வாத்தியாரே!"

பெனிட்டா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

"பதியலையா?"

"இல்லை."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

குணாளன் கிதார்ப் பெட்டியை ஓர் உதை விட்டான். அது சுவர் வரை போய் நின்றது.

"பதினெட்டுக் குப்பையை நம்பர் போட்டுப் பதிஞ்சே. உருப்படியா வந்த ஒண்ணை விட்டுட்டே! நீயெல்லாம் ஒரு வாத்தியார்!"

"பதினெட்டையும் கேட்டீங்க. பதினெட்டும் பிடிக்கல. இதை நீங்க இன்னும் கேக்கலையே, அண்ணா."

குணாளன் பெட்டியை எடுத்து நிறுத்தப் போனான். பாதி வழியில் திரும்பினான்.

"சரி, இது போகட்டும். அன்னைக்குப் பாடினது? டிரம்ஸ்காரனைப் போன்ல கேட்டேன், டிரம்ஸ்தான் கேட்டுச்சுங்கிறான். பேஸ்காரன், அவன் ஆம்ப் செத்துப்போச்சேன்னு ஒயரை ஆட்டிட்டு இருந்தானாம். நீ ஒருத்திதான் பாக்கி. இதே நாற்காலியிலதானே உட்கார்ந்திருந்தே? எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லு."

"ஸ்பீக்கர் நின்னுபோச்சு. நடுவுல ரெண்டு அடுக்குக் கண்ணாடி. உங்க வாய் அசையறதைப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடக் காதுல விழல."

குணாளன் கிதார்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு, அண்ணா," என்றாள் பெனிட்டா.